வேலை வாங்கும் இடத்தில் இருப்பவர் தன் தவறை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையாதா?

குறையும் என்று நம்பித்தான் நானும் பல வருடம் இருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன்.

ஒருமுறை ஷிப்மென்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது செக்கிங்கில் இருந்து பீஸ்கள் திரும்பி வந்தன. உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு. ஒரே நீலம்தான். ஆனால் வேறு வேறு லாட்டில், அதாவது வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி, தைத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த அக்காவிடம், "கண்ண எங்கக்கா வெச்சிருக்கீங்க?" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

உண்மை என்னவென்றால், முந்தின நாள் லாட் ஸ்டிக்கர் பார்த்து வெட்டிய துணிக் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த ஹெல்பரிடம், "எல்லாம் ஒரே நீலம்தான், மெஷினுக்குப் போடு" என்று அவசரப்படுத்தியதே நான்தான். கத்தும்போதே அது எனக்குத் தெரியும். கோபம் என்று நான் காட்டியது கோபமே இல்லை, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது.

மறுநாள் காலை, மெஷின் ஓடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் சொன்னேன். "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று பூசி மெழுகவில்லை. ஸ்டிக்கர் பார்க்க வேண்டாம் என்று சொன்னது நான், பழியை அக்கா மேல் போட்டதும் நான் என்றேன்.

இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் "இமாலயத் தவறு" காந்தி சொன்னது. 1919 ஏப்ரலில், விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்த ரவுலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாகிரகத்தின்போது அகமதாபாத்திலும் வீரம்காமிலும் வன்முறை வெடித்தது. அதன்பின் குஜராத்தின் நடியாட்டில் பேசும்போதுதான் அந்த வார்த்தையை முதலில் பயன்படுத்தினார். வெறும் வருத்தத்தோடு அவர் நிற்கவில்லை. மக்கள் அதற்குப் பக்குவப்படும் முன்பே சட்டமறுப்புக்கு அழைத்துவிட்டேன் என்று தவறு எது என்பதைக் குறிப்பாகச் சொன்னார், சட்டமறுப்பையும் நிறுத்திவைத்தார். நிறையப் பேர் ஏளனம் செய்தார்கள். ஆனாலும் அப்படி ஒப்புக்கொண்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கே ஏளனம் வந்தது என்பதால், உங்களிடம் "யாரும் சிரிக்க மாட்டார்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். என் லைனில் ஒருவர், "அண்ணா, ஸ்டிக்கர் பார்க்கணுமா, வேண்டாமா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். வலித்தது.

அதற்காக மனதில் இருக்கும் எல்லாப் பதற்றத்தையும் கீழே வேலை செய்பவர்கள் தலையில் கொட்டுவதும் சரியில்லை என்று நினைக்கிறேன். ஷிப்மென்ட் போகுமா போகாதா என்ற கவலையை நான்தான் சுமக்க வேண்டும். இப்போதெல்லாம் தாடை இறுகுவது தெரிந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் இது கோபமா, பயமா என்று ஓரளவு பிடிபடுகிறது.

ஒரு மாதம் கழித்து அதே ஹெல்பர் ஓடி வந்து, "ரெண்டு கட்டு மாத்திக் கொடுத்துட்டேன்ணா" என்றது. தைப்பதற்கு முன்னால் இப்படி ஒருவர் வந்து சொன்னது என் லைனில் அதுதான் முதல் தடவை.

அந்த அக்காவிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க" என்றார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இப்போது சார் என்கிறார்.