பத்து நாள் மௌனத்தை ஆராய ஒரு படிப்பு

வணக்கம் அம்மா. மகள் மதவியல் படித்து, பத்து நாள் மௌனத் தியான முகாமை ஆராய நினைக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்து கிடக்கின்றன. மகள் சாமியாராகப் போய்விடுவாளோ என்பது ஒன்று. சோற்றுக்கு வழியில்லாத படிப்போ என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

உங்கள் முதல் பயம் 1970களில் இங்கிலாந்துப் பெற்றோருக்கும் இருந்தது. 'மூனிகள்' (கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய மத இயக்கத்தினர்) இயக்கம் பிள்ளைகளை மூளைச்சலவை செய்கிறது என்று பேச்சு. சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் நேரிலேயே போய் உட்கார்ந்து பார்த்தார். அவர்களுடைய முகாமுக்குப் போனவர்களில் சுமார் பத்துக்கு ஒன்பது பேர் இயக்கத்தில் சேரவே இல்லை. (அவரும்தான்!) 1988இல் அவர் தொடங்கிய இன்ஃபார்ம் அமைப்பு, உங்களைப் போலத் தவிப்பவர்களுக்கு நம்பகமான தகவல் தரத்தான் வந்தது.

சரி, மகள் ஆராய நினைப்பது எஸ்.என். கோயங்கா கற்பித்த முறையில் நடக்கும் விபாசனா தியான முகாம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலேயே மையம் இருக்கிறது, அலைச்சல் இல்லை. ஆனால் அவளிடம் ஒன்று கேளுங்கள். அங்கே கைப்பேசி மட்டுமல்ல, பேனா, நோட்டும் கூடாது. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பக்கத்துப் பாயில் இருப்பவரோடு பத்தாம் நாள் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. குறிப்பும் எடுக்காமல், பேட்டியும் காணாமல் எப்படி ஆய்வு செய்வாய்? ஆய்வுக்கு வந்ததை நடத்துபவர்களிடம் முன்பே சொல்வாயா? இதற்கு விடை தேட ஆரம்பித்தால் அவளுக்கு இந்தத் துறை ஒத்துவரும். "அங்க ரொம்ப அமைதியா இருந்துச்சும்மா" என்பதோடு நின்றால், ஒரு வருடம் பொறுக்கட்டும். வழி இல்லாமலில்லை: இஸ்ரேலியச் சமூகவியலாளர் மிக்கால் பாகிஸ் இதே முகாம்களில் அந்த மௌனத்தையே ஆய்வுப் பொருளாக்கினார்.

அப்புறம் சோறு. மதவியலுக்கென்று தனித் துறை நம் பக்கம் குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மதங்களின் ஒப்பீட்டு ஆய்வு தனிப் பாடமாக இருக்கிறதுதான்; ஆனாலும் எம்.ஏ. சமூகவியலைத்தான் சொல்வேன். கல்லூரிப் பணியிடம் அதில்தான் கூடுதல், முகாமை ஆய்வுத் தலைப்பாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் கைக்காசைப் போட்டு பிஎச்.டி.யில் இறங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்றால் க்யூட் பி.ஜி. என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், விண்ணப்பத் தேதியை இப்போதே கவனியுங்கள். அடுத்த முறை அவளையே எழுதச் சொல்லுங்கள். பேனா இல்லாமல் என்ன செய்வாள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.