பிரிட்டன் அணு ஆயுதப் புதுப்பிப்பும் திருச்சபைகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிரிட்டன் எதைத்தான் புதுப்பிக்கிறது?

பதில்: டிரைடென்ட் என்ற அணு ஆயுத ஏவுகணைகளைச் சுமக்கும் நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களை. அவை பழசாகிவிட்டதால் டிரெட்நாட் என்ற புதிய வகையைக் கட்டுகிறார்கள். 2016 ஜூலையில் நாடாளுமன்றம் 472க்கு 117 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. மதிப்பிட்ட செலவு 31 பில்லியன் பவுண்டு, கூடுதல் செலவு வந்தால் சமாளிக்க இன்னொரு 10 பில்லியன்.

கேள்வி: எல்லாத் திருச்சபைகளும் எதிர்த்தனவா அண்ணா?

பதில்: எல்லாம் இல்லை தம்பி. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஸ்காட்லாந்து திருச்சபையின் எதிர்ப்பு பல பத்தாண்டுகளாகத் தொடர்வது. அங்குள்ள கத்தோலிக்க ஆயர்களும் 2006இலேயே புதுப்பிக்க வேண்டாம் என்றார்கள். கப்பல்கள் நிற்பது அவர்களுடைய ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தில், ஏவுகணைகளின் அணு வெடிமுனைகள் இருப்பது பக்கத்துக் கூல்போர்ட்டில். அந்த வெடிமுனைகள் இங்கிலாந்திலிருந்து லாரிகளில், ஊர் ஜனம் போகிற அதே சாலையில்தான் வந்துபோகின்றன. பிறகு எப்படிச் சும்மா இருப்பார்கள்?

கேள்வி: இங்கிலாந்து திருச்சபை மட்டும் ஏன் தயங்குகிறது?

பதில்: அரசோடு பிணைந்த ஆங்கிலிக்கன் சபை அது, நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையில் அதன் பேராயர்கள், ஆயர்களுக்கு 26 இடம் உண்டு. பிரிட்டன் தானாகவே அணு ஆயுதத்தைக் கைவிட வேண்டும் என்று 1982இல் அதன் சொந்தக் குழுவே அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு சபையின் ஆளும் மன்றமான சினாட் அதை ஏற்கவில்லை, அணு ஆயுதத்தை முந்திக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்பதோடு நின்றுவிட்டது. 2007இல், டிரைடென்ட்டை மேம்படுத்துவது சர்வதேசச் சட்டக் கடமைகளின் நோக்கத்துக்கே முரண் என்று தீர்மானம் போட்டது. நகர்கிறது, ஆனால் மெதுவாக. எனக்கு அதில் வருத்தம்தான்.

கேள்வி: 2019இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இதற்காக ஆராதனையே நடந்ததாமே?

பதில்: நடந்தது, மே 3ஆம் தேதி. அணு ஆயுதத்தோடு கடலில் இடைவிடாமல் ரோந்து போய் 50 ஆண்டு ஆனதை ஒட்டி. ஆயுதத்துக்கு நன்றி சொல்லவில்லை, கடற்படையினரின் பணியை மதிக்கிறோம் என்றது அபே. ஆங்கிலிக்கன் குருமார் பலர் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். வாசலில் போராட்டக்காரர்கள் பிணங்கள்போலத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மாதக்கணக்கில் கடலுக்கடியில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்கவும் வேண்டும். அதற்கு இந்த ஆண்டு விழா எதற்கு?

கேள்வி: போப்புகள் என்ன சொன்னார்கள்?

பதில்: ஆயுதக் குறைப்புக்கு ஒரு படி என்ற அளவில் அணு ஆயுதத்தைக் காட்டி எதிரியைத் தடுத்து வைப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார் இரண்டாம் ஜான் பால், 1982இல். 2019இல் ஹிரோஷிமாவில் நின்று, வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்றார் பிரான்சிஸ். புதுப்பிப்பு விவாதத்துக்கு இந்த மாற்றம் முக்கியம். இன்னும் பல பத்தாண்டு ஓடப்போகிற கப்பலை 'தற்காலிக ஏற்பாடு' என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: மக்களைக் காப்பது அரசின் கடமை இல்லையா? பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் 13ஆம் அதிகாரத்தில், அதிகாரி பட்டயத்தை, அதாவது வாளை, பிடித்திருக்கிறான் என்று இருக்கிறதே.

பதில்: இருக்கிறது. ஆதரிக்கிற கிறிஸ்தவர்கள் அதை மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பாருங்கள். புதுப் பிரதமர் வந்ததும் நான்கு கப்பல் தளபதிகளுக்கும் தன் கைப்படக் கடிதம் எழுத வேண்டும்: பிரிட்டன் அரசே அழிந்துபோனால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று. அந்த நேரத்தில் காப்பாற்ற அங்கே யாரும் மிச்சமில்லை. அப்போது ஏவினால் அது பழிவாங்கல். பழிவாங்க வேண்டாம் என்று அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரத்திலேயே பவுல் எழுதிவிட்டார்.