'ஃப்ரீ' குழுவின் பாட்டு எங்கள் கையில் ஏன் நெரிசலாகக் கேட்கிறது?

பிரிட்டிஷ் ராக் குழுவான ஃப்ரீயின் 'ஆல் ரைட் நவ்' பாட்டை நான்கு பேரும் பிசகாமல்தான் வாசிக்கிறோம், ஆனாலும் பதிவில் இருக்கும் காற்றோட்டம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் உங்கள் பேஸ்காரர், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரை வாசிப்பவர், சரணத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஏதாவது வாசிக்கிறார் என்றால் கோளாறு அங்கேதான். மூலப் பதிவில் சரணங்களில் ஃப்ரீயின் பேஸ்காரர் ஆண்டி ஃப்ரேசர் சும்மா இருக்கிறார். கிட்டார், டிரம்ஸ், பால் ராட்ஜர்ஸின் குரல், அவ்வளவுதான். பல்லவியில் பேஸ் நுழையும்போது தரை அதிர்வது அதனால்தான்.

1968இல் லண்டனில் குழு தொடங்கியபோது ஃப்ரேசருக்கு வயது 15. 1973இல் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வயதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது லேசில்லை. எனக்கு நாற்பதிலும் வரவில்லை.

அப்புறம் கிட்டார். பால் காஸாஃப் வேகக்காரர் இல்லை. ஒரே சுரத்தைப் பிடித்து, விரலை நடுக்கி, அது அழுது ஓயும்வரை விடமாட்டார். உங்கள் ஆள் சோலோவில் (தனி வாசிப்பில்) சுரங்களை அள்ளிக் கொட்டுகிறார் என்றால் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள். கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனையும் குறைத்துப் பாருங்கள். 1970இல் வந்த 'ஃபயர் அண்ட் வாட்டர்' ஆல்பத்தில் உள்ள நீளமான வடிவத்தைக் கேட்டுப் பழகுங்கள். தனிப்பாட்டாக வந்த சிங்கிளில் சோலோவை வெட்டிச் சுருக்கிவிட்டார்கள்.

சும்மா இருக்கச் சொன்னால் பேஸ்காரர் முறுக்கிக்கொள்வார். சரி, அவருக்கு அதே ஆல்பத்தின் 'மிஸ்டர் பிக்'கைப் போட்டுக் காட்டுங்கள். சும்மா இருந்ததற்கெல்லாம் சேர்த்து அதில் ஃப்ரேசர் பேஸில் வட்டியும் முதலுமாக வசூலித்திருக்கிறார்.