மேடைக்கு ஏற்ற குரல்

அன்புள்ள ஐயா,

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அடுத்த மாதம் எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழா மேடையில் 15 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். வகுப்பில் பேச எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது அதிர்ந்துவிட்டேன். மெலிந்த, கீச்சென்ற குரல்! கனமாக ஒலிக்கட்டும் என்று சில நாட்களாகத் தாழ்த்திப் பேசிப் பழகுகிறேன். தொண்டை வலிதான் மிச்சம். மேடைக்கு ஏற்ற குரல் இல்லாதவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லதா?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

ஒதுங்காதீர்கள். குரலைத் தாழ்த்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பதிவில் கேட்ட அந்தக் குரலைத்தான் உங்கள் மாணவர்கள் இத்தனை காலமும் கேட்டு வருகிறார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. எலும்பு கீழ்ச்சுருதி அதிர்வுகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்கு மட்டும் கனமாகக் கேட்கிறது. கைப்பேசியில் பதிவாவது காற்றில் வருவது மட்டுமே. உங்களுக்கு இது புரியாத அறிவியல் அல்ல. மனம் ஏற்கத்தான் நாளாகும். பதிவைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், பழகிவிடும்.

பேச்சில் ஆண்களின் குரல்நாண்கள் பொதுவாக விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை அதிரும்; பெண்களுடையவை சுமார் 200 முறை. நாண்களின் நீளமும் தடிமனும் அமைத்துக்கொடுத்த சுருதி அது. அதை வலிந்து இறக்கினால் தொண்டை இறுகும், ஏற்ற இறக்கத்துக்கும் இடமில்லாமல் போகும்.

தமிழ் மேடையைப் பல பத்தாண்டுகள் கட்டிப்போட்ட அண்ணாவுக்கும் கலைஞருக்கும் இருந்தது கரகரத்த குரல். இனிய குரல்வளம் அவர்களுக்கு வாய்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

இனி பதிவைக் கேட்கும்போது வேறொன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லும் தெளிவாகக் கேட்கிறதா? தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது. ‘அந்த ஊருக்கு இன்றுவரை பேருந்து’ என்பதுவரை கணீரென்று சொல்லிவிட்டு, ‘வரவில்லை’ என்பதை மூச்சுத் தீர்ந்து முணுமுணுத்தால் வந்ததா வரவில்லையா என்பதே கேட்பவருக்குக் கிடைக்காது. புதிதாக மேடையேறுபவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் குறை இதுதான். கூட்டம் சலசலக்கத் தொடங்கியதும் தங்கள் குரலே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனென்றால் இது திருத்தக்கூடிய குறை. தில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் பழைய பதிவுகள் கிடைத்தால் கேளுங்கள். முற்றுச்சொல் எப்படி முழுசாக வந்து விழுகிறது என்று பாருங்கள்.

செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து நின்றபடி உரக்கப் படியுங்கள். மூச்சு எடுக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். நீண்ட வாக்கியத்தில் இறுதித் தொடருக்குச் சற்று முன்பே ஒரு மூச்சு வேண்டும். மூச்சு இழுக்கும்போது தோள் உயரக் கூடாது, விலாப்பக்கம் விரிய வேண்டும். பிறகு ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராகக் காற்றை விடுங்கள். 20 விநாடி தளராமல் வந்தால் மேடைக்குப் போதும். எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு கடைசிச் சொல்லை அங்கே சேர்க்கிறேன் என்று எண்ணிப் பேசுவதும் உதவும்.

நீங்கள் தேடும் கனத்தை ஓரளவு மைக்கே தந்துவிடும். மேடைகளில் வைக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை, வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதியைக் கூட்டிக் கொடுக்கும். கூச்சத்தில் விலகி நிற்காமல் நான்கு விரல் அகல இடைவெளியில் பேசுங்கள். பக்கவாட்டில் திரும்பும்போது குரல் மங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

தொண்டையை அடிக்கடி செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாள் முழுதும் பேசும் ஆசிரியர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது.

உங்கள் உரையை எழுதி வைத்திருந்தால் அனுப்புங்கள். எங்கெங்கே மூச்சு எடுக்கலாம் என்று கோடிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.