க்யூ.ஆர்.எஸ். 142 இருந்தால் சி.ஆர்.டி. பலன் தருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இதயச் செயலிழப்பு என்கிறார்கள். ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. எக்கோவில் இ.எஃப். (இடது அறை ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 28 சதவீதம். ஆறு மாதமாக மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இ.சி.ஜி.யில் எல்.பி.பி.பி., க்யூ.ஆர்.எஸ். 142 என்று போட்டிருக்கிறது. ஒரு டாக்டர் சி.ஆர்.டி. பேஸ்மேக்கர் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர், "150கூட வரவில்லை, பத்தில் மூன்று பேருக்குப் பலனே இருக்காது" என்கிறார். பலன் கிடைக்குமா என்று முன்பே சொல்லிவிடும் டெஸ்ட் ஏதாவது உண்டா?

பதில்: உறுதியாகச் சொல்லும் ஒற்றை டெஸ்ட் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அம்மா பலன் பெற வாய்ப்புள்ளவர்கள் பக்கம்தான் இருக்கிறார்.

ஈரத் துணியை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முறுக்கிக் கையைத் தளர்த்திய பிறகு மற்றவர் முறுக்கினால் தண்ணீர் இறங்காது. எல்.பி.பி.பி.யில் நடப்பது அதுதான். இதயத்தின் இடது மின்பாதை தடைபட்டிருப்பதால் நடுச்சுவர் முதலில் சுருங்குகிறது. வெளிச்சுவர் தாமதமாகச் சுருங்குகிறது. ரத்தம் முழுமையாக வெளியே போகாமல் ஒரு பகுதி உள்ளேயே அலைகிறது. சி.ஆர்.டி. இரு பக்கமும் மின்தூண்டல் கொடுத்து இரண்டு சுவர்களையும் சேர்ந்து சுருங்க வைக்கிறது. அதனால், அந்தத் தாமதம் உண்மையாகவே இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கருவி உதவும்.

அம்மாவின் இ.சி.ஜி. தாளை எடுங்கள். வி6 என்று குறித்திருக்கும் இடத்தில் உயரமான அலையின் தலை கூராக இல்லாமல் பிளந்து, அகலமாக இருக்கிறதா? வழக்கமான வேகத்தில் எடுத்த தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். அந்த அலை தொடங்கி முடிய ஆகும் நேரம்தான் க்யூ.ஆர்.எஸ். அளவு; அம்மாவுக்கு அது 142 மில்லிசெகண்ட், அதாவது மூன்றரைக் கட்டத்துக்குச் சற்று மேல். மூன்று கட்டத்துக்குள் முடிந்திருக்க வேண்டியது அது.

மூன்றே முக்கால் கட்டம், அதாவது 150 தாண்டினால் பலன் வாய்ப்பு அதிகம் என்பது சரிதான். ஆனால் அந்த எல்லையை உருவாக்கிய ஆய்வுகளில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களின் இதயம் அளவில் சிறியது. அதே 142, சிறிய இதயத்தில் பெரிய தாமதம். மூன்று பெரிய ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2014இல் வெளியான அலசலில், எல்.பி.பி.பி.யுடன் 130 முதல் 149 வரை இருந்த பெண்களுக்குத் தெளிவான பலன் தெரிந்தது. அதே அளவுள்ள ஆண்களுக்குத் தெரியவில்லை. உங்கள் இரண்டாவது டாக்டரிடம் இதை அவசியம் கேளுங்கள்.

எக்கோவில் தாமதத்தை அளந்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நாங்கள் ஒரு காலத்தில் மிகவும் நம்பினோம். 2008இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு 12 எக்கோ அளவுகளைச் சோதித்தது. ஒன்றுகூட நம்பும்படி தேறவில்லை. 2013இல் எக்கோசிஆர்டி ஆய்வு இன்னும் கடுமையான பாடம் சொன்னது: எக்கோவில் தாமதம் தெரிந்தும் க்யூ.ஆர்.எஸ். 130க்குக் கீழே இருந்தவர்களில், கருவியை இயக்கிய பிரிவில்தான் இறப்பு அதிகம். இப்போது வயது, பாலினம், இ.சி.ஜி., எக்கோ எல்லாவற்றையும் கணினியில் சேர்த்துக் கணிக்கும் முறைகள் வருகின்றன. யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று தரம் பிரிக்க அவை உதவுகின்றன. ஒரு தனி மனிதருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

தழும்பு முக்கியமான விஷயம். மாரடைப்பால் வெளிச்சுவர் தழும்பாகிவிட்டால், அங்கே கருவியின் ஒயரை வைத்தாலும் தசை பதில் கொடுக்காது. அம்மாவுக்கு அடைப்பு இல்லாதது நல்ல அறிகுறி. ஆனாலும் இதய எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் கருவி வைப்பதற்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்; பின்னால் எடுத்தால் கருவியின் நிழலே படத்தைக் கெடுத்துவிடும்.

இனி அந்த 'பத்தில் மூன்று'. எதைப் பலன் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். சுருங்கி முடித்த நிலையில் இடது அறையின் கொள்ளளவு ஆறு மாதத்தில் 15 சதவீதம் குறைய வேண்டும் என்பது ஒரு வழக்கமான அளவுகோல். அது நடக்காமலே மூச்சுத்திணறல் குறைந்தவர்கள் உண்டு. பலன் குறைவதற்குக் கருவி வைத்த பிறகு வரும் காரணங்களும் உண்டு. எனக்கு ஆதங்கம் இதில்தான், ஏனென்றால் இவற்றில் பல சரிசெய்யக் கூடியவை. ஒயர் வெளிச்சுவரில் அமையாமல் நுனிப்பக்கம் போய்விடுவது ஒன்று. மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ அடிக்கடி வரும் கூடுதல் துடிப்புகளோ குறுக்கிட்டு, கருவி தூண்டும் துடிப்புகள் குறைந்துபோவது இன்னொன்று.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்புக்கான நான்கு வகை மருந்துகளும், அம்மா தாங்கக்கூடிய முழு அளவில் கொடுக்கப்படுகின்றனவா? ஒயர் சரியான இடத்தில் அமையாவிட்டால், இதயத்தின் சொந்த மின்பாதையையே தூண்டும் முறைக்கு அங்கே வசதி இருக்கிறதா? கருவி வைத்தபின் ஒவ்வொரு பரிசோதனையிலும் தூண்டல் சதவீதம், அதாவது மொத்தத் துடிப்புகளில் கருவி தூண்டியவை, எவ்வளவு? அது 98க்குக் கீழே இருந்தால், "நன்றாக வேலை செய்கிறது" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். ஏன் குறைகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.