நல்லா இருக்கற நாள்லதான் அதிகமா பயமா இருக்கு

அன்புள்ள மேடம்,

எனக்கு வயசு 41, திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லரா இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியே மிஷின்ல உக்காந்தவங்க நாங்கெல்லாம், ஆர்டர் நேரம்னா ஒன்றரை ஷிப்டு ஓட்டணும். சில வருஷமா இடுப்பு வலி, மொதல்ல சாயந்திரம் மட்டும் பிடிக்கும், இப்ப காலைல கட்டில விட்டு எறங்கறதுக்கே சுவத்த பிடிக்க வேண்டியிருக்கு. ஸ்கேன் எடுத்ததுல கீழ் முதுகெலும்புல எல்4 எல்5ங்கற எடத்துல ஜவ்வு பிதுங்கியிருக்கு, தேய்மானம்னு போட்டிருந்துச்சு, அந்த பேப்பர பாத்ததுல இருந்து குனியறதுன்னாலே நடுங்குது. ஒரு டாக்டர் ஆபரேஷன்னாரு, இன்னொருத்தர் அதெல்லாம் வேண்டாம்னாரு. பெல்ட் போட்டாச்சு, கரண்ட் வச்சாச்சு, எடை கட்டி இழுத்தாச்சு, எண்ணெய் தேய்ச்சாச்சு, கொஞ்ச நாள் நல்லாருக்கும் அப்புறம் பழையபடிதான்.

வலிய கூட தாங்கிக்கலாங்க, வீட்ல நம்ப மாட்டேங்கிறாங்க. வலி கொறைஞ்ச அன்னிக்கு துணி, பாத்திரம், வீடு கழுவறதுன்னு எல்லாத்தையும் ஒரே மூச்சா முடிச்சுடுவேன், மறுநாள் எந்திரிக்க முடியாது, ஒடனே மாமியார் "நேத்து நல்லாத்தான இருந்தே"ம்பாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டார், அந்த மௌனம் இன்னும் கஷ்டம். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா, அவளே சோறு கட்டிட்டு போறத பாத்தா அழுகையா வருது. தூக்கமே இல்ல, சில ராத்திரி இப்படி கெடக்கறதுக்கு போய் சேந்துடலாமேன்னு கூட தோணுது. இப்ப ஒரு டாக்டர் மனநல டாக்டர பாருங்கன்னு சொல்லிட்டாரு. அப்ப என் வலி மனசுல இருந்துதான் வருதா மேடம்? நான் என்ன பண்ணட்டும்?

இப்படிக்கு,
திருப்பூர் வாசகி

அன்புள்ள சகோதரி,

ராத்திரி வர்ற அந்த நெனப்பத்தான் மொதல்ல பேசணும். இத இன்னிக்கே வீட்டுக்காரர்கிட்டயோ நீங்க நம்பற ஒருத்தர்கிட்டயோ வாய் விட்டு சொல்லிடுங்க. வீட்ல இருக்கற மாத்திரை அட்டைங்கள அவங்க கையில குடுத்து வைக்க சொல்லுங்க. நடுராத்திரில வந்தா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசுவாங்க.

உங்க வலி நூத்துக்கு நூறு உண்மை. மூணு மாசத்துக்கு மேல நீடிச்ச வலியில நரம்பும் மூளையும் ரொம்ப உஷாராகிடும், சாதாரணமா குனிஞ்சா கூட ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு வலிக்க வைக்கும். தூக்கம் கெட்டா, பயந்தா, மனசு நொந்தா அது இன்னும் ஏறும். அதனாலதான் அந்த டாக்டர் மனநல டாக்டர பாக்க சொல்லியிருப்பார், உங்கள பைத்தியம்னு நெனச்சு இல்ல. டுலாக்சிடின், அமிட்ரிப்டிலின் மாதிரி மாத்திரைங்கள மனச்சோர்வுக்கும் குடுப்பாங்க, நாள்பட்ட வலிக்கும் குடுப்பாங்க. போய்ப் பாருங்க, தூக்கம் இல்லாததையும் அந்த ராத்திரி நெனப்பையும் மறைக்காம சொல்லுங்க.

அந்த ஸ்கேன் பேப்பர் விஷயம். முதுகு வலியே இல்லாதவங்க ஸ்கேன்களை சேத்து ஆராய்ச்சி பண்ணி 2015ல வெளியிட்டாங்க, அதுல 40 வயசுக்காரங்கள்ல 68 சதவீதம் பேருக்கு அந்த ஜவ்வுல (டிஸ்க்) தேய்மானம், 50 சதவீதம் பேருக்கு பிதுக்கம். வலியில்லாதவங்களுக்கு! அதனால பேப்பர்ல இருக்கற ரெண்டு வார்த்தைய வச்சு உங்க இடுப்பு ஒடஞ்சு போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. உலக சுகாதார நிறுவனமும் 2023ல சொன்ன வழிகாட்டுதல்ல உடற்பயிற்சி, வலியப்பத்தி புரிய வைக்கறது, மனசுக்கான சிகிச்சை இதெல்லாம் பண்ண சொல்லுது, பெல்ட்டும் எடை கட்டி இழுக்கறதும் வழக்கமா வேண்டாம்னு சொல்லுது. ஆனா ஒண்ணு, மூத்திரம் மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்குல மரத்துப் போனாலோ, கால் பலம் கொறைஞ்சாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அதுல தாமதம் கூடாது.

இப்ப உங்க கடிதத்துல என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது அந்த நல்லா இருக்கற நாள்தான். அன்னிக்கு நீங்க வெறுமனே துணி தொவைக்கல, நான் சோம்பேறி இல்லன்னு மாமியாருக்கு நிரூபிக்கிறீங்க. மறுநாள் படுத்ததும் அதே ஆதாரம் உங்களுக்கே எதிரா திரும்புது, அதுக்கு பதில் சொல்ல அடுத்த நல்ல நாள்ல இன்னும் ஜாஸ்தி பண்றீங்க. இந்த நிரூபிக்கிற வேலைய விட்டுடுங்கம்மா, அதுக்குத்தான் உங்க ஒடம்பு அதிக கூலி குடுத்துட்டு இருக்கு. வலி கொறைவா இருந்தாலும் ஒரு வேலைய பாதில நிறுத்துங்க, வலி ஏறியிருந்தாலும் கொஞ்சமாவது நடங்க. அளவ வலி சொல்லக்கூடாது, கடிகாரம் சொல்லணும். மொதல்ல பத்து நிமிஷம், வாரா வாரம் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டிக்கலாம். தைக்கிற பீஸ் கணக்குல கூலின்னா நடுவுல எந்திரிச்சா நஷ்டம்னு தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு பண்டல் முடியறப்பவும் எந்திரிச்சு நின்னு முதுக நிமித்திட்டு உக்காருங்க. பிசியோதெரபிக்கு காசு பிரச்சனைன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பண்றாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

வலி ஒரேயடியா போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பல பேருக்கு கொறையுது, அதுக்கு முன்னாடியே வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வருது. பொண்ணு சோறு கட்டிட்டு போறா இல்லையா, அத உங்க தோல்வியா பாக்காதீங்க, அவ உங்கள கவனிச்சுக்கிறா.

வீட்டுக்காரர் மௌனத்த நீங்க கோவம்னு எடுத்துக்கிட்டீங்க, அது பயமாவும் இருக்கலாம், என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கலாம். "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாம, "தண்ணி கொடத்த இனிமே நீங்க தூக்குங்க, அடுத்த தடவை டாக்டர்கிட்ட கூட வாங்க"ன்னு ரெண்டே விஷயம் கேளுங்க. டாக்டர் முன்னாடி அவரும் உக்காந்து கேக்கட்டும். என்ன சொன்னார்னு எழுதுங்க, பேசுவோம்.