பம்ப்பைக் கழற்றும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரத்திலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். 2011 மாடல் பொலேரோ பிக்கப், பம்ப் வண்டி (டீசலை மெக்கானிக்கல் பம்ப் அனுப்பும் பழைய வகை), சென்சார் எதுவும் கிடையாது. லோடோடு லிட்டருக்கு 12, 12.5 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது 9-க்கு மேல் வர மறுக்கிறது. போன கோடையில் இன்ஜின் சூடானதால் மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார், அப்புறம் சூடாவதில்லை. எட்டு மாதம் முன்பு நாலு டயரும் மாற்றினேன். 215/75 இருந்த இடத்தில் கொஞ்சம் பெரிதாக 235/75 போட்டிருக்கிறேன். மேடு ஏறும்போது கறுப்புப் புகை. பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) வேலை பார்க்கணும் என்கிறார் ஒருவர், இன்ஜினையே இறக்கணும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பாதி விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் டயர். 15 அங்குல ரிம்மில் 215/75 டயரின் முழு உயரம் ஏறக்குறைய 703 மி.மீ. 235/75 டயருக்கு 733 மி.மீ. வித்தியாசம் நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். மீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல. ஆகவே உங்கள் மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 104 ஓடியிருக்கும். நீங்கள் சொல்லும் 9 என்பது நிஜத்தில் 9.4. தொலைந்துபோன மைலேஜில் கொஞ்சம் தொலையவே இல்லை. சந்தேகமாக இருந்தால் பழனி சாலையில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கற்களை இருபது கல் தூரத்துக்கு எண்ணி, மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் பெரிய டயர் கணக்கை மட்டும் மாற்றாது. ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது இன்ஜின் திணறும். டிரைவர் கியரை இறக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்துவார். பம்ப் வண்டியில் மிதித்த அளவுக்கு டீசல் போகும், அதற்குத் தேவையான காற்று போகாது. உங்கள் கறுப்புப் புகையில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம். இன்னொரு விஷயம்: கார் வகை டயரா, லோடு தாங்கும் வகையா என்று பக்கவாட்டில் பார்த்துவிடுங்கள். மைலேஜை விட அது முக்கியம்.

அடுத்து, அளக்கும் விதம். ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் மைலேஜை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பங்க், ஒரே குழாய், வண்டி சமதரையில். தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்புங்கள். குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். இப்படி மூன்று முறை. லோடு எவ்வளவு, திரும்பும்போது காலியா என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பங்க் அளவில் சந்தேகம் என்றால் எந்தப் பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் இருக்கும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று கழற்றிப் போடுவது பட்டறைகளில் பழகிப்போன வழக்கம். தவறான வழக்கம். அந்த வால்வு இன்ஜினைக் குளிர்விக்க இருப்பதல்ல. சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைக்க இருப்பது. தண்ணீர் 80 டிகிரியை ஒட்டி வரும் வரை ரேடியேட்டருக்கு வழி விடாது. அது இல்லாவிட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்பும் உங்கள் வண்டி பல கிலோமீட்டருக்குக் குளிர்ந்த இன்ஜினோடுதான் ஓடும். டீசல் சரியாக எரியாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். டெம்பரேச்சர் முள் நடுப்பக்கம் வருகிறதா, அடியிலேயே படுத்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்தால் புது வால்வு போட்டே ஆக வேண்டும், அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

அப்படியானால் போன கோடையில் ஏன் சூடானது? ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம், வெளியே பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கலாம், ரேடியேட்டர் ஃபேனைச் சுழலவைக்கும் ஃபேன் கிளட்ச் போயிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று: வண்டி ஃப்ரீயாக உருளுகிறதா?

ஒருமுறை என்னிடம் வந்த பிக்கப் ஒன்றுக்கு அதற்கு முன்பே இரண்டு தடவை பம்ப் வேலை நடந்திருந்தது. மைலேஜ் ஏறவில்லை. லிஃப்ட்டில் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன், கால் சுற்று கூடப் போகவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் பிரேக் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுபவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் கால் அதற்கேற்ப அழுத்தப் பழகிவிடும். பம்ப் வேலைக்குப் போன பணத்தை நினைத்து அவர் அன்று டீ கூடக் குடிக்கவில்லை.

நீங்களே பார்க்கலாம். பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நாலு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அகப்பட்டது. அடுத்து சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் ஒவ்வொன்றாகத் தூக்கி நியூட்ரலில் சுற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். முன்சக்கரம் பிடித்தால், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் அல்லது அதன் பின்கள் இறுகியிருக்கும். பின்சக்கரம் என்றால் கேபிள், வீல் சிலிண்டர், அல்லது ஷூவை அளவுக்கு மீறி டைட் வைத்திருப்பது. பழைய வண்டிகளில் பிரேக் ரப்பர் குழாய் உள்ளுக்குள் ஊதி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் செய்வதும் உண்டு, வெளியே பார்த்தால் குழாய் புதிது போலவே இருக்கும். கையோடு டயர் விளிம்புகளையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி இருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது.

கிளட்ச் சோதனை சுலபம். மேட்டில் லோடோடு உயர்ந்த கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப் ஆகிறது. கிளட்ச் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் டிரைவரா என்றும் கவனியுங்கள்.

புகைக்கு வருவோம். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் எரியாத டீசல், இல்லை தண்ணீர் உள்ளே போகிறது. உங்களுடையது கறுப்பு, அதுவும் மேட்டில் மட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். தோட்டத்து மண்பாதையில் லோடு ஏற்றப் போகும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு செல்லாது. காற்றடிப்பதானால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. பங்கில் டயருக்கு அடிக்கிற வேகத்தில் வெளியிலிருந்து அடித்தால் தாள் கிழிந்து தூசி நேராக டர்போவுக்கு, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறிக்கு, போகும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ, கிளாம்ப் ஓரத்தில் ஆயில் ஈரமோ இருக்கிறதா பாருங்கள். மிதிக்கும்போது "புஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்டால் தேட வேண்டிய இடம் அதுதான்.

டீசல் எரியாமலே வெளியேறும் வழிகளும் உண்டு. நாசில்களை இணைக்கும் ரிட்டர்ன் குழாய்கள் சின்னவை, மலிவானவை, வெடித்தாலும் யாரும் கவனிப்பதில்லை. இரவு வண்டியடியில் அட்டை விரித்து, காலையில் பாருங்கள். அதைவிட ஆபத்தானது டீசல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்குவது. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே வந்தால், முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஃபீட் பம்ப்பையும் (டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது) பம்ப் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், அப்போது இன்ஜின் இறக்கச் சொன்னவர் சொன்னது பலித்துவிடும்.

மேலே கட்டிய கிரில், படபடக்கும் தார்ப்பாய், மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போது ஓடிக்கொண்டே இருக்கும் இன்ஜின், இவையும் குடிக்கும். 60-லிருந்து 80-க்கு வேகம் கூட்டினால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 78 சதவீதம் ஏறும். டிரைவர் மாறியிருந்தால் அதையும் மறைக்காமல் யோசியுங்கள். கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒரு டேங்க் நீங்களே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வால்வு போட்டு, பிரேக் பார்த்து, ஃபில்டரும் ஹோஸும் சரிசெய்து, டேப்பட்டும் (இன்ஜின் வால்வுகளின் இடைவெளி) ஒருமுறை செட் செய்து, மூன்று டேங்க் அளந்த பிறகும் நிஜக் கணக்கில் 11-ஐத் தொடவில்லை என்றால், அப்போது நாசில்கள். பம்ப்பைத் தொட வேண்டாம், நாசில்களை மட்டும் கழற்றி டெஸ்டரில் மாட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். புகை மாதிரி மெல்லிய தூறலாக அடித்து, நின்றதும் முனை காய்ந்திருந்தால் நல்லது. கோடாகப் பீய்ச்சினாலோ, நின்ற பிறகு சொட்டினாலோ மாற்றுங்கள். நாலும் நன்றாக இருந்தால் டைமிங்கையும் (டீசல் பாயும் நேரம்) கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த எண்கள் கைக்கு வரும்வரை இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.